இ-ஹெய்லிங் ஓட்டுநராகப் போகிறீர்களா? காப்புறுதியை முதலில் பாருங்கள்!

(தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் "தோட்டப்புற இளைஞரும் புதிய தொழில்களும்" என்ற தலைப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அலோர் ஸ்டார் ஷாஹாப் பெர்டானா பேருந்து நிலையத்தில் இறங்குகின்ற பயணிகளில் பலர் இன்று வாடகைக் கார் வரிசையைத் தேடுவதில்லை. கைப்பேசியைத் தட்டுகிறார்கள். சில நிமிடங்களில் ஒரு சாகாவோ பெசாவோ வந்து நிற்கிறது. சுல்தானா பஹியா மருத்துவமனைக்குப் போகிற நோயாளி, கெப்பாலா பத்தாஸ் விமான நிலையத்திற்கு விரைகிற வியாபாரி, கோல கெடா துறைமுகத்தில் லங்காவிப் படகைப் பிடிக்க ஓடுகிற குடும்பம், சிந்தோக்கில் இருக்கும் வட மலேசியப் பல்கலைக்கழகத்திற்குத் திரும்புகிற மாணவி என இத்தனை பேரும் அந்தக் கார்களை நம்பியிருக்கிறார்கள்.

ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருப்பவர்களில் நம் இளைஞர்களும் இருக்கிறார்கள். பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம், சுங்கைப் பட்டாணி வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்பாவும் தாத்தாவும் பால் மரம் வெட்டியவர்கள். தோட்டம் துண்டாடப்பட்டது, நிலம் வீட்டுமனையாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியது. தொழிற்சாலைச் சம்பளம் போதாமல், வேலை முடிந்த பிறகு நான்கைந்து மணி நேரம் காரோட்டுகிறவர்கள் உண்டு. அதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர்களும் உண்டு.

உழைத்துச் சாப்பிடுகிற தொழில் இது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தொழிலில் இறங்குகிறவர்கள் பலரும் ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். "மாதம் எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். "விபத்து நடந்தால் யார் கட்டுவார்?" என்று கேட்பதில்லை. இன்றைய உரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

சட்டம் வந்த கதை

வாடகை உரிமம் இல்லாத சொந்தக் காரில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவது மலேசியர்களுக்குப் புதிதல்ல. "பிரேபெட் சாப்பு" என்றால் தெரியாதவர் இல்லை. அது சட்டத்திற்குப் புறம்பானது. பிடிபட்டால் சம்மன், கார் பறிமுதல் என்ற பயத்தோடுதான் அது ஓடியது.

2012-ஆம் ஆண்டு மைடெக்சி என்ற பெயரில், வாடகைக் கார்களைக் கைப்பேசி வழியாக அழைக்கும் சேவை நம் நாட்டில் தொடங்கியது. அதுவே பின்னாளில் கிரேப் ஆனது. 2014 வாக்கில் ஊபர் கோலாலம்பூருக்கு வந்தது. சொந்தக் கார் வைத்திருப்பவரும் பயணி ஏற்றலாம் என்ற நிலை உருவானது. வாடகைக் கார் ஓட்டுநர்கள் கொதித்தார்கள். "எங்களுக்கு உரிமம், பரிசோதனை, காப்புறுதி என்று இத்தனை கட்டுப்பாடு, அவர்களுக்கு ஒன்றுமே இல்லையா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

2017-ஆம் ஆண்டு ஜூலையில் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. 2018 ஜூலை 12-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்காசிய வியாபாரத்தைக் கிரேப்பிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டது. ஓட்டுநர்கள் புதிய விதிகளுக்குத் தயாராக ஓராண்டு அவகாசம் கிடைத்தது. அதுவும் போதாமல் மேலும் மூன்று மாதம் அமலாக்கத்தில் தளர்வு காட்டப்பட்டது. 2019 அக்டோபர் 12-ஆம் தேதி முதல் முழு அமலாக்கம். அன்றிலிருந்து இ-ஹெய்லிங் ஒரு பொதுப் போக்குவரத்துத் தொழில். பொதுப் போக்குவரத்து என்று வந்துவிட்டால் பொறுப்பும் கூடவே வருகிறது.

என்னென்ன பத்திரங்கள்?

ஓட்டுநர் மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். 'பி' ஒட்டிய தற்காலிக உரிமம் செல்லாது. முழு உரிமம் தேவை. நிலுவையில் சம்மன் இருந்தால் கட்டி முடித்துவிட வேண்டும். குற்றப் பின்னணி இல்லை என்பது உறுதியாக வேண்டும். மருத்துவரிடம் உடல், கண் பரிசோதனை செய்து, சாலைப் போக்குவரத்து இலாகாவின் பாரத்தில் கையொப்பம் பெற வேண்டும்.

அடுத்தது பி.எஸ்.வி. எனப்படும் பொதுச் சேவை வாகன உரிமம். இதற்கு ஆறு மணி நேரப் பயிற்சி வகுப்பும் ஒரு தேர்வும் உண்டு. 2019-இல் விதி அமலானபோது வகுப்புக் கட்டணம் அதிகபட்சம் 200 வெள்ளி என்றும், உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 20 வெள்ளி என்றும் வைக்கப்பட்டன.

காருக்கும் தகுதி வேண்டும். ஆசியான் என்கேப் பாதுகாப்புச் சோதனையில் குறைந்தது மூன்று நட்சத்திரம். மூன்று வயதைத் தாண்டிய கார் என்றால் ஆண்டுதோறும் பரிசோதனை. அதற்கு அப்போது புஸ்பகோமில் 55 வெள்ளி. ஏபிஏடி எனப்படும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவகம் வழங்கும் இ.வி.பி. என்ற வாகன அனுமதிக்கு ஆண்டுக்கு 115 வெள்ளி. காருக்கு வயது வரம்பும் உண்டு. அன்று அது 10 ஆண்டாக இருந்தது. கட்டணங்களும் வரம்புகளும் அவ்வப்போது மாறக்கூடியவை. எனவே விண்ணப்பிக்கும் நாளில் எது நடப்பில் உள்ளது என்று நிறுவனத்திடமும் இலாகாவிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

அன்றைய கணக்கில் கூட்டிப் பார்த்தால் 390 வெள்ளி. மருத்துவர் கட்டணம் தனி. இரண்டு நல்ல வாரக்கடைசிகளில் சம்பாதித்துவிடலாம் என்று இளைஞர்கள் சொல்வார்கள். ஆகவே இந்தப் பத்திரங்களை எப்படியோ எடுத்துவிடுகிறார்கள். இவை இல்லாமல் ஓட்டினால் பிடிபடலாம் என்ற பயமும் இருக்கிறது. 2025 ஜூலையில் இன்டிரைவ், மேக்சிம் ஆகிய இரண்டு சேவைகளை நிறுத்தும்படி ஏபிஏடி உத்தரவிட்டதற்கும், ஓட்டுநர்களின் உரிமம், வாகனங்களின் அனுமதி தொடர்பான விதிமீறல்களே காரணமாகச் சொல்லப்பட்டன. அதன்பின் அவற்றுக்கு அவகாசம் அளிக்கப்பட்டது. ஒரு நிறுவனத்தின் சிக்கலில் நடுவில் மாட்டிக்கொள்கிறவர் கடைசியில் ஓட்டுநர்தான்.

இத்தனை பத்திரங்களிலும் சாதாரண நாளில் பயணியோ போலீஸ்காரரோ திறந்து படித்துப் பார்க்காத ஒன்று உண்டு. அதுதான் காப்புறுதிப் பத்திரம். அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது விபத்து நடந்த நாளில்தான் பேசும்.

"ஃபுல் கவர்" என்ற மயக்கம்

பேருந்து நிலைய ஓரத்தில் பழைய வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவருக்கும் புதிதாக வந்த இளைஞருக்கும் இப்படி ஓர் உரையாடல் நடந்தால் வியப்பதற்கில்லை.

"தம்பி, இன்சூரன்ஸ்ல இ-ஹெய்லிங் சேர்த்துட்டியா?"

"ரோட் டெக்ஸ் இருக்கு அண்ணே. இன்சூரன்சும் ஃபுல் கவர்தான். அது போதாதா?"

"அது உன் வீட்டு ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போறதுக்குப்பா. காசு வாங்கி ஆள் ஏத்துறதுக்கு இல்ல. பத்திரத்த எடுத்துப் படிச்சுப் பாரு."

அந்த அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சொந்தக் காருக்கு எடுக்கும் காப்புறுதியில் "பயன்பாட்டு வரம்பு" என்று ஒரு பகுதி இருக்கும். சொந்தத் தேவைக்கும், குடும்பத் தேவைக்கும், காப்புறுதி எடுத்தவரின் சொந்த அலுவலுக்கும் மட்டுமே இந்தக் காப்பு என்று அதில் சொல்லியிருக்கும். வாடகைக்கோ கட்டணத்திற்கோ பயன்படுத்தினால் காப்பு இல்லை என்றும் எழுதியிருக்கும். சிறிய எழுத்துதான், ஆனால் பெரிய விஷயம்.

ஃபுல் கவர் என்று நாம் சொல்கிற முழுமைக் காப்புறுதிக்கும் இது பொருந்தும். "முழுமை" என்ற சொல் எந்தெந்தச் சேதத்திற்கு என்பதைக் குறிக்கிறதே தவிர, காரை எந்தத் தொழிலுக்கு வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று அனுமதி தருவதில்லை.

இதன் விளைவு என்ன? 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90-ஆம் பிரிவு, மூன்றாம் தரப்பினருக்கான காப்புறுதி இல்லாமல் எந்த வாகனமும் சாலையில் ஓடக்கூடாது என்கிறது. சொந்தக் காரில் உடன் வருபவருக்கான பொறுப்பு அந்தக் கட்டாயக் காப்புறுதிக்குள் வருவதில்லை. ஆனால் கட்டணம் வாங்கிப் பயணி ஏற்றும் வாகனம் என்றால் பயணிக்கான பொறுப்பும் கட்டாயமாகிறது. ஆகவே வெறும் சொந்தக் காப்புறுதியோடு பயணி ஏற்றுகிறவர், தனக்குத் தெரியாமலே காப்புறுதி இல்லாத ஓட்டுநராகிவிடும் அபாயம் இருக்கிறது.

அதற்காகத்தான் இ-ஹெய்லிங் கூடுதல் காப்பு வந்தது. பெரும்பாலும் முழுமைக் காப்புறுதியின் மேல் கூடுதல் பிரீமியம் கட்டி இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயணி ஏற்றும் நேரத்தில் காருக்கு ஏற்படும் சேதம், மூன்றாம் தரப்புக்கான பொறுப்பு, பயணிக்கான சட்டப் பொறுப்பு ஆகியவை இதில் அடங்கும். 2017 ஜூலை முதல் முழுமைக் காப்புறுதியின் பிரீமியத்தை அந்தந்த நிறுவனமே நிர்ணயிக்கலாம் என்று தளர்த்தப்பட்டுவிட்டதால், கூடுதல் காப்பின் விலை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பகுதிநேர ஓட்டுநர்களுக்காக நாள் கணக்கில் கட்டும் காப்புகளும் அறிமுகமாயின. இரண்டு மூன்று இடங்களில் விசாரித்து எடுப்பது புத்திசாலித்தனம்.

சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது

"பயணி காரில் இல்லாத நேரத்தில் விபத்து நடந்தால் பிரச்சினை இல்லையே?" என்று சிலர் கேட்கலாம். இதற்குப் பதில் சொல்ல அமெரிக்கா வரை போக வேண்டும்.

2013 டிசம்பர் 31, புத்தாண்டுக்கு முந்தைய இரவு. சான் பிரான்சிஸ்கோ நகரில் ஊபர் ஓட்டுநர் ஒருவரின் கார், சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தின் மீது மோதியது. ஆறு வயதுச் சிறுமி இறந்து போனாள். தாயும் தம்பியும் காயமுற்றனர். அந்த நேரத்தில் காரில் பயணி இல்லை. ஓட்டுநர் செயலியைத் திறந்து வைத்து அழைப்புக்காகக் காத்திருந்தார் என்று சொல்லப்பட்டது. பயணி காரில் இல்லாததால் தங்கள் காப்புறுதி பொருந்தாது என்பது நிறுவனத்தின் நிலை. இப்படிப்பட்ட நேரத்தில் தனியார் காப்புறுதியும், "காரைத் தொழிலுக்குப் பயன்படுத்தியிருக்கிறாய்" என்று கைவிரிக்கலாம். இரண்டு குடைகளுக்கும் நடுவில் நனைந்தது ஒரு குடும்பம்.

இந்தச் சம்பவத்திற்குப் பிறகுதான் ஓட்டுநரின் நேரத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். செயலியைத் திறந்து அழைப்புக்குக் காத்திருக்கும் நேரம் ஒன்று. அழைப்பை ஏற்றுப் பயணியை நோக்கிப் போகும் நேரம் இரண்டு. பயணி ஏறி இறங்கும் வரையிலான நேரம் மூன்று. கலிபோர்னியா மாநிலம் 2014-இல் சட்டம் இயற்றி, காத்திருக்கும் நேரத்திற்கும் காப்புறுதி வேண்டும் என்று விதித்தது.

அலோர் ஸ்டார் ஓட்டுநர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளியது. கூடுதல் காப்பு எடுக்கும்போது இந்த மூன்று நேரத்தையும் தனித்தனியே சொல்லிக் கேளுங்கள். "அமான் சென்ட்ரல் வாசலில் செயலியைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறேன். அப்போது ஒரு மோட்டார் சைக்கிள்காரர் மீது இடித்துவிட்டால் காப்பு உண்டா?" என்று முகவரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மோதப்பட்டவருக்கு, காருக்கு, ஓட்டுநருக்கு

விபத்து என்று வந்தால் மூன்று பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மோதப்பட்டவர் அல்லது பயணி ஒருவர். கார் இரண்டாவது. ஓட்டுநர் மூன்றாவது. ஒரே பத்திரம் மூவரையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு.

முதலில் அடுத்தவர். காயமுற்ற பயணி நீதிமன்றம் போனால் சிகிச்சை, இழந்த வருமானம், எதிர்காலப் பராமரிப்பு என்று தீர்ப்புத் தொகை பெரிதாகலாம். காப்புறுதி நிறுவனம் மறுத்துவிட்டால் அந்தச் சுமை ஓட்டுநர் மீதும், சூழ்நிலையைப் பொறுத்துக் கார் உரிமையாளர் மீதும் விழும். தோட்டத்தை விட்டு வெளியேறும்போது கிடைத்த சொற்பப் பணத்தில் வாங்கிய மலிவு விலை வீடுதான் பல குடும்பங்களின் ஒரே சொத்து. ஒரு விபத்து அந்த வீட்டின் வாசல் வரை வந்து நிற்கக்கூடும்.

அடுத்தது கார். பெரும்பாலான கார்கள் வங்கித் தவணையில் இருப்பவை. ஒன்பது ஆண்டுக் கடன் கூட உண்டு. ஒரு கணக்குப் பார்க்கலாம். காரின் சந்தை மதிப்பு 30,000 வெள்ளி, வங்கிப் பாக்கி 26,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கார் முழுவதுமாக நொறுங்கிவிட்டது. காப்புறுதி கிடைத்தால் வங்கிக்கு 26,000 போக, உரிமையாளர் கைக்கு 4,000 வரும். காப்புறுதி மறுக்கப்பட்டால் காரும் இல்லை. 26,000 வெள்ளிக் கடன் மட்டும் மாதந்தோறும் வீட்டுக் கதவைத் தட்டும். தொழிலும் அன்றோடு நின்றுவிடும்.

காப்புறுதி கிடைத்தாலும் முழுத் தொகையும் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கார் ஐந்து வயதைத் தொட்டுவிட்டால், பழைய பாகத்திற்குப் பதில் புதிய பாகம் போடும்போது ஒரு பங்கை உரிமையாளர் ஏற்க வேண்டும் என்பது வழக்கமான விதி. ஐந்து வயதில் 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்து வயதில் 40 விழுக்காடு வரை அது ஏறும். ஏழு வயதுக் காருக்கு 25 விழுக்காடு. 2,000 வெள்ளிக்குப் பாகங்கள் மாற்றினால் 500 வெள்ளி கைக்காசு. கூடுதல் பிரீமியம் கட்டி இந்தச் சுமையை நீக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. நாள் முழுக்க ஓடுகிற காருக்கு அதைப் பற்றி விசாரிப்பது நல்லது.

என்.சி.டி. எனப்படும் இழப்பீடு கோராமைக் கழிவையும் நினைவில் வையுங்கள். முதல் ஆண்டு முடிவில் 25 விழுக்காடு. பிறகு 30, 38.33, 45 என்று ஏறி ஐந்தாம் ஆண்டில் 55 விழுக்காடு. தன் காப்புறுதியில் ஒரு முறை இழப்பீடு கோரினால் அது பூஜ்யத்திற்கு இறங்கிவிடும். அடிப்படைப் பிரீமியம் 1,000 வெள்ளி என்றால், 55 விழுக்காடு கழிவு உள்ளவர் 450 வெள்ளி கட்டுகிறார். கழிவு போய்விட்டால் மறு ஆண்டு 1,000 வெள்ளி. ஆகவே சிறு கீறலுக்கெல்லாம் இழப்பீடு கோருவதற்கு முன் பேனாவை எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

மூன்றாவது, ஓட்டுநர். இவரைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கார்க் காப்புறுதி காருக்கும் அடுத்தவருக்குமானது. தவறு தன் பக்கம் இருந்து கால் முறிந்து மூன்று மாதம் படுத்துவிட்டால், அந்தக் காப்புறுதி வீட்டுக்கு அரிசி வாங்கித் தராது. அதற்குத்தான் சொக்சோ.

சுயதொழில் செய்பவர்களுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தது. முதன்முதலில் அதில் சேர்க்கப்பட்டவர்களே வாடகைக் கார், ஊபர், கிரேப்கார் ஓட்டுநர்கள்தான். காப்புறுதி செய்த வருமானத்தில் 1.25 விழுக்காடு சந்தா. தொடக்கத்தில் மிகக் குறைந்த திட்டத்திற்கு ஆண்டுக்கு 157 வெள்ளி 20 சென்; நாள் கணக்கில் 43 சென். ஒரு கோப்பை தே தாரேக்கூட அந்த விலைக்குக் கிடைக்காது. வேலையின்போது விபத்து நேர்ந்தால் மருத்துவச் செலவு, வேலை செய்ய முடியாத நாட்களுக்கான உதவித்தொகை, நிரந்தர ஊனத்திற்கான உதவி, உயிர் போய்விட்டால் குடும்பத்தாருக்கு உதவித்தொகை ஆகியவை இதில் உண்டு. எவ்வளவு வருமானத்திற்குச் சந்தா கட்டுகிறோமோ, அந்த அளவைப் பொறுத்தே உதவித்தொகையும் அமையும். குறைந்த திட்டம் மலிவு என்பதற்காக அதிலேயே நின்றுவிடாமல், உண்மை வருமானத்திற்கு நெருக்கமான திட்டத்தைப் பாருங்கள்.

2025 ஆகஸ்டு 28-ஆம் தேதி கிக் தொழிலாளர் சட்ட மசோதா மக்களவையில் நிறைவேறியது. ஒவ்வொரு சவாரி வருமானத்திலும் சொக்சோ சந்தாவைப் பிடித்துக் கட்டும் பொறுப்பை நிறுவனத்திடம் ஒப்படைக்க வகை செய்யும் சட்டம் இது. நல்ல மாற்றம். ஆனாலும் தன் பெயரில் சந்தா உண்மையிலேயே சேர்கிறதா என்று அலோர் ஸ்டார் அல்லது சுங்கைப் பட்டாணி சொக்சோ அலுவலகத்தில் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்வதில் நட்டமில்லை.

கெடா ஓட்டுநர் கவனிக்க வேண்டியவை

கெடாவில் ஓட்டுகிறவர்களுக்கென்றே சில விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, கார் யார் பெயரில்? பல வீடுகளில் கார் அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ இருக்கிறது; செயலியில் பெயர் மகனுடையது. மகனின் பெயர் ஓட்டுநர் பட்டியலில் இல்லாவிட்டால், இழப்பீட்டின்போது முதல் 400 வெள்ளியைக் கையிலிருந்து கட்டச் சொல்லும் விதி வழக்கத்தில் உள்ளது. அதைவிட முக்கியம், காப்புறுதி எடுப்பவர் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்படி, முகவர் கேட்கும் கேள்விக்குத் தவறான தகவல் தராமல் கவனமாக இருப்பது வாடிக்கையாளரின் கடமை. "சொந்த உபயோகம்தான்" என்று அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு, மகன் பயணி ஏற்றினால் நாளை அந்தக் கையெழுத்தே எதிர்சாட்சி ஆகிவிடும். பெற்றோர்களே, பிள்ளை காரைத் தொழிலுக்கு எடுக்கிறான் என்றால் பத்திரத்தை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். "என்னப்பா இது, என் பேர்ல இருக்கிற காரு" என்று விபத்துக்குப் பிறகு சொல்லிப் பயனில்லை.

இரண்டு, எல்லை. புக்கிட் காயு ஹீத்தாம் பக்கத்திலேயே இருக்கிறது. "அண்ணே, அப்படியே டானோக் வரைக்கும் விட்டுடுங்க, கூடக் காசு தர்றேன்" என்று பயணி ஆசை காட்டலாம். மலேசியக் கார்க் காப்புறுதி வழக்கமாக மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்று நாடுகளுக்குள்தான். தாய்லாந்துக்குத் தனி நீட்டிப்பும், அந்நாட்டுக் கட்டாயக் காப்புறுதியும் தேவை. இ-ஹெய்லிங் அனுமதியோ மலேசியச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுவது. ஆகவே எல்லைக்கு இந்தப் பக்கமே பயணியை இறக்கிவிடுங்கள்.

செயலிக்கு வெளியே ஆள் ஏற்றுவதும் இதே வகைதான். "கேன்சல் பண்ணிட்டு நேரா வாங்க, கமிஷன் மிச்சம்" என்று பேசிக்கொள்கிறார்கள். அந்த நிமிடம் அது இ-ஹெய்லிங் பயணமாக இருப்பதில்லை. பழைய பிரேபெட் சாப்புதான். சில வெள்ளி கமிஷனை மிச்சம் பிடிக்கப் போய்க் கூடுதல் காப்பையே இழக்க நேரலாம்.

மூன்று, வெள்ளம். 2010 நவம்பரில் அலோர் ஸ்டாரை வெள்ளம் சூழ்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விமான நிலையம் மூடப்பட்டது. அலோர் ஸ்டாருக்கு அருகே வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையிலும் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. சுற்றிலும் வயல்வெளி, தாழ்வான நிலம். தண்ணீர் வடிய நாளாகும். முழுமைக் காப்புறுதியிலும் வெள்ளச் சேதம் தானாக அடங்குவதில்லை. சிறப்புப் பேரிடர் காப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். கண்ணாடிக்கும் அப்படித்தான்.

விபத்து நடந்துவிட்டால்

பதற வேண்டாம். காயமுற்றவருக்கு முதலில் உதவுங்கள். கார்கள் நின்ற நிலை, எண் பலகை, சாலை, சேதம் ஆகியவற்றைப் படம் எடுங்கள். செயலியில் அந்தப் பயணத்தின் பதிவைச் சேமித்து வையுங்கள். அப்போது நீங்கள் எந்த நிலையில் இருந்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. 24 மணி நேரத்திற்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பயணி இருந்ததை மறைத்து எழுதச் சொல்லி யோசனை கூறுபவர்கள் இருப்பார்கள். அந்த யோசனை ஒரு விபத்தை ஒரு மோசடி வழக்காக மாற்றிவிடும்.

சம்பவ இடத்திற்கு அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரரிடம் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். காப்புறுதி நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்து, அவர்கள் சொல்லும் பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நியாயமாகக் கிடைக்க வேண்டிய இழப்பீடு மறுக்கப்பட்டால் அதோடு விட்டுவிடவும் வேண்டாம். முதலில் அந்த நிறுவனத்திற்கே எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்யுங்கள். பதிலில் திருப்தி இல்லையென்றால், 2025 ஜனவரி முதல் செயல்படும் எப்.எம்.ஓ.எஸ். என்ற நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பை நாடலாம். பேங்க் நெகாராவிடமும் முறையிட வழி உண்டு. ஆனால் இந்த வாசல்களெல்லாம் பத்திரத்தைச் சரியாக எடுத்தவருக்குத்தான் பயன்படும்.

முகவரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

அடுத்த முறை சாலை வரி புதுப்பிக்கப் போகும்போது இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. இ-ஹெய்லிங் காப்பு என் பத்திரத்தில் எழுத்தில் இருக்கிறதா? எந்தப் பக்கத்தில்?

2. அழைப்புக்குக் காத்திருக்கும் நேரம், பயணியை ஏற்றப் போகும் நேரம், பயணி காரில் இருக்கும் நேரம் ஆகிய மூன்றிற்கும் காப்பு உண்டா?

3. பயணிக்கான சட்டப் பொறுப்பு சேர்ந்திருக்கிறதா?

4. காரை ஓட்டும் எல்லாருடைய பெயரும் பட்டியலில் உள்ளதா? இழப்பீட்டில் நான் கையிலிருந்து கட்ட வேண்டியது எவ்வளவு?

5. வெள்ளம், கண்ணாடி, பழைய பாகத் தேய்மானம் ஆகியவற்றிற்குத் தனிக் காப்பு எடுத்தால் எவ்வளவு ஆகும்?

முகவர் உறவுக்காரராக இருக்கலாம். கோயில் கமிட்டியில் கூட இருப்பவராக இருக்கலாம். "மாமா பாத்துக்குவாரு" என்று விட்டுவிடாதீர்கள். மாமா நல்லவர்தான், ஆனால் நீதிமன்றத்தில் பேசப்போவது மாமா அல்லர், பத்திரம்.

நேயர்களே, வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். கூடுதல் காப்புக்கும் சொக்சோவுக்கும் ஆகும் செலவைத் தனிச் செலவாகப் பார்க்காதீர்கள். பெட்ரோல், எண்ணெய், டயர் போல அதுவும் தொழிலின் அன்றாடச் செலவு. ஒவ்வொரு நாள் வருமானத்திலும் இரண்டு மூன்று வெள்ளியை அதற்கென்று எடுத்து வையுங்கள். ஆண்டு முடிவில் சுமை தெரியாது.

பால் வாளி தூக்கிய கைகளுக்கு விபத்து நேர்ந்தபோது தோட்ட நிர்வாகம் என்று கேட்பதற்கு ஓர் இடமாவது இருந்தது. இன்றைய இளைஞர் தனக்குத் தானே முதலாளி, தானே தொழிலாளி. அந்த முதலாளி தன் தொழிலாளிக்குச் செய்ய வேண்டிய முதல் கடமை, சரியான காப்புறுதியை எடுத்துக் கொடுப்பதுதான்.